கல்லடிப் பெண்

தேர்தல் வந்தால் எங்கள் ஊரில் முதலில் போவது காதுதான். அந்தத் தடவை சாய்ந்தமருது பிரதான வீதியில், நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் சந்தியில், இரண்டு கட்சிகள் நேருக்கு நேர் அலுவலகம் திறந்திருந்தன. நடுவில் ஒரு வீதியின் அகலம் மட்டும்தான். இந்தப் பக்கத்து ஒலிபெருக்கி ஒரு வசனத்தை ஆரம்பிக்கும், அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி அதை முடிக்கும். நடுவில் நின்று கேட்பவருக்கு இரண்டு வேட்பாளரும் ஒரே ஆள் என்றுதான் தோன்றும். இரண்டு நாளாக அங்கே முறைப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. பதாகைகள் கிழிபட்டன. இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து மருந்துக்கடை நிழலில் நின்றார்கள்.

நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். அன்று பகல் பாடசாலை விட்டு ஸ்கூட்டியில் வந்து, வத்தகப்பழ வண்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றினாய் என்று பிறகு ஊரே என்னைக் கேட்டது. வத்தகப்பழத்தை, வெளியூர்க்காரர் தர்பூசணி என்பதை, தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் அந்தச் சத்தம் கேட்காது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் அது வெளியிலும் கேட்காது என்பதை நான் யோசிக்கவில்லை. குனிந்து, பழத்தில் காதை வைத்து, விரலால் தட்டினேன்.

“டொக்” என்று ஒரு சத்தம் வந்தது. அருமையான பழம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது இரண்டு ஒலிபெருக்கியும் நின்றிருந்தன. இத்தனை நாளில் அந்தச் சந்தி அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. நெற்றியில் கையை வைத்தேன், கை சிவப்பாக வந்தது. பழக்காரர் “யா அல்லாஹ், டீச்சர்” என்றபடி தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தந்தார். அடுத்த நொடி இரண்டு ஒலிபெருக்கியும் ஒன்றாகத் திரும்பப் பேசத் தொடங்கின.

“பார்த்தீர்களா அவர்களின் அட்டூழியத்தை!” என்றது இந்தப் பக்கம்.

“பார்த்தீர்களா அவர்களின் அட்டூழியத்தை!” என்றது அந்தப் பக்கம்.

அப்போதுதான் என் தம்பி ஓடி வந்தான். அவனுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. அதோடு நாலைந்து செய்தித் தளங்களுக்குப் பிரதேச நிருபர். சந்தியில் ஏதாவது நடக்கும் என்று காலையிலிருந்தே காத்துக் கிடந்திருக்கிறான். ஓடி வந்தவன் எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து போனைத் தூக்கினான்.

“டேய், என்னத் தூக்குடா.”

“ஒரு நிமிஷம் ராத்தா. அப்பிடியே இருங்க. கைய நெத்தியில வெச்ச மாதிரி.”

“ரெத்தம் வருதுடா!”

“ஓம் ராத்தா, அதான் வேணும்.”

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தில் நான் வேதனையில் வாயைத் திறப்பதாகத்தான் உலகம் பார்த்தது. பார்த்தது என்றாலும் அரைகுறையாகத்தான். தம்பி நல்லவன். ராத்தாவின் முகம் ஊரெல்லாம் போகக்கூடாது என்று முகத்தையும் தலையில் போட்டிருந்த முக்காட்டையும் மங்கலாக்கிவிட்டுத்தான் படத்தை அனுப்பியிருந்தான். தெளிவாகத் தெரிந்தது ஒரு கையும், இரத்தம் ஊறிய துவாயும், ஒரு வத்தகப்பழமும்.

ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போகிற வழியிலேயே அவன் பெருவிரல்களால் செய்தியை எழுதி அனுப்பிவிட்டான். “சாய்ந்தமருதில் கல்லடி: பெண் காயம்.” எனக்கு வாசித்தும் காட்டினான். கல்வீச்சு என்று எழுதேன்டா, அதுதானே வழக்கம் என்றேன். “கல்லடி எண்டா ஒரு அடி இரிக்கி ராத்தா” என்றான். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு அந்த விளக்கம் பிடித்துப்போனது. நல்லாத்தான்டா இருக்கு என்று விட்டுவிட்டேன்.

ஆசுபத்திரியில் தையல் போட்டார்கள். அதற்கு முன் ஊசி. அந்த ஊசியில் என்ன இருந்ததோ, ஒரு மணித்தியாலத்துக்கு எனக்கு உலகமே மிக நல்ல இடமாகத் தெரிந்தது. கட்டில் மெல்ல மிதந்தது. மின்விசிறி எனக்காகவே சுற்றியது. தாதிப் பிள்ளையின் கையைப் பிடித்து, உம்முடைய கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று சொன்னதாகவும், அவர் எழுதியதை நான் பார்த்திருக்கவே இல்லை என்றும் பிறகு சொன்னார்கள். என் கணவர் வந்து சேர்ந்தார். அவர் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி விற்பவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். என் நெற்றிக் கட்டை ஒரு தடவை பார்த்தார். “நோகுதா?” என்றார். “பறக்கிறன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதல் வேட்பாளர் வந்தார். முன்னால் ஒரு பழக்கூடை, பின்னால் இரண்டு கமரா. என் கட்டிலருகே நின்று, என்னைப் பார்க்காமல் கமராவைப் பார்த்து, “இந்தக் கல் இந்தச் சகோதரியின் மீது விழவில்லை. ஜனநாயகத்தின் மீது விழுந்திருக்கிறது” என்றார்.

“அப்ப தையல் ஏன் எனக்குப் போட்டாங்க?” என்று கேட்டேன்.

ஊசியின் வேலை அது. சாதாரணமாக நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. கமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கமராவோடு குலுங்கினார். வேட்பாளர் கூடையை வைத்துவிட்டு என் காதருகே குனிந்து, “ஆரு எறிஞ்ச எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க டீச்சர். மிச்சத்த நாங்க பாத்துக்கிறம்” என்றார். தலை சுற்றிக்கொண்டிருந்தாலும் அந்த “மிச்சத்த நாங்க பாத்துக்கிறம்” என் காதில் தெளிவாக விழுந்தது. வாசலில் அவருடைய பொடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் காணயில்ல, பழத்தில காது வெச்சிருந்தன் என்றேன். உண்மையும் அதுதான். இரண்டாவது வேட்பாளரும் கால் மணி நேரத்தில் இன்னொரு கூடையோடு வந்தார். அதே வசனத்தைச் சொன்னார். அவர் காதருகே குனிவதற்குள் என் கணவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். ஐஸ் தூக்குகிறவரின் தோள் அது. அதைத் தாண்டி யாராலும் குனிய முடியாது.

இவ்வளவுதான் நடந்தது என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். என் போன் அடித்தது.

பேசியது காரைதீவு டீச்சர். என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர். காரைதீவு எங்களுக்கு அடுத்த ஊர். எங்கள் வீதி முடிகிற இடத்தில் அவர்களுடைய வீதி தொடங்குகிறது. நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் தமிழர்கள். தினமும் பகல் சோற்றுப் பெட்டியை மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள் இருவரும். அவர் இரகசியம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

“டீச்சர், வீட்டிலயா நிக்கிறீங்க? வெளியில வந்திராதீங்க. உங்கட ஊரில ஒரு கல்லடிப் பொம்பிளைக்கு அடிச்சுப் போட்டாங்களாம். இஞ்ச பொடியனுகள் எல்லாம் சந்தியில நிக்கானுகள்.”

“எந்தக் கல்லடி?”

“மட்டக்களப்புக் கல்லடி.”

மட்டக்களப்பில் வாவிக்கு அந்தப் பக்கம் கல்லடி என்று ஓர் ஊர் இருக்கிறது. நகரத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் கல்லடி. தமிழ் ஊர். அங்கிருந்து ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்து அடி வாங்கினாளா? எனக்கு மனம் பதறியது. பாவம், யாராக இருக்கும், எப்போது நடந்தது என்று கேட்டேன்.

“இப்பதானாம். மரக்கறிச் சந்தியில. நெத்தி பிளந்து கிடக்காம். படமும் வந்திருக்கு. கையில ரெத்தம், பக்கத்தில ஒரு வத்தகப்பழம்…”

“டீச்சர்,” என்றேன், “அது நான்.”

அவர் அனுப்பிய செய்தியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து நடக்கும் ஒரு செய்தித் தளம். தம்பி எழுதியதில் இருந்த முக்காற்புள்ளியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அதை எடுத்த கையோடு, இலக்கணம் தெரிந்தவர்போல, ஒரு ‘ப்’ சேர்த்திருந்தார்கள். “சாய்ந்தமருதில் கல்லடிப் பெண் காயம்.” எனக்கு வந்த சிரிப்பில் தையல் இழுத்தது. என்ன அழகான பிழை! ஒற்றுப் பிழையே இல்லை, சரியான இடத்தில் சரியாக மிகுந்த வல்லின மெய். வகுப்பில் யாராவது எழுதியிருந்தால் சரி போட்டிருப்பேன்.

கீழே வந்திருந்த கருத்துகளை வாசித்தபோதுதான் சிரிப்பு நின்றது. மீன் விற்க வந்த பெண் என்று ஒருவர் எழுதியிருந்தார். கர்ப்பிணி என்று இன்னொருவர். அதற்குக் கீழே, இறந்துவிட்டார் என்று ஒருவர் அஞ்சலியும் எழுதி, எரிகிற விளக்குப் படமும் போட்டிருந்தார். தமிழ்ப் பெட்டை என்றும், முஸ்லிம்களைக் காக்காமார் என்றும், இனி விடக்கூடாது என்றும் அதற்குப் பிறகு வந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கட்சிக்காரனுக்கும் இன்னொரு கட்சிக்காரனுக்கும் நடந்த சண்டை, ஓர் எழுத்தால் ஊருக்கும் ஊருக்கும் நடக்கிற சண்டையாகிவிட்டது. காரைதீவு டீச்சர் திரும்ப எடுத்தார். “சந்திக்கு டயர் கொண்டு வந்திட்டானுகள், டீச்சர்” என்றார்.

அந்த வீதியில் டயர் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சின்ன வயதில், கலவர நாட்களில், நாங்கள் இருவரும் அதே வீதியில் உயிர் தப்ப ஓடியிருக்கிறோம். அவர் தெற்கே, நான் வடக்கே. அப்போது எங்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது.

தம்பி கட்டில் விளிம்பில் இருந்து கொழும்புக்கு அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒருவர் எடுத்தார். தம்பி ஒலியைக் கூட்டி வைத்தான்.

“அண்ணே, தலைப்புப் பிழை. மாத்துங்க. கல்லடி ஊரில்ல, கல்லால அடி.”

“அப்பிடியா? நியூஸ் நல்லாப் போகுதே தம்பி,” என்றது அந்தக் குரல். மிகவும் இனிமையான குரல். “பின்னேரம் ஆசிரியர் வருவார். பாத்து மாத்துவம். வேற படம் ஏதும் இருக்கா?”

தம்பி போனை வைத்தான். அவன் முகத்தை அப்படி நான் முன்பு கண்டதில்லை.

“போனத் தூக்குடா,” என்றேன். “இப்ப எடு. மங்கலாக்காத.”

கட்டிலில் நிமிர்ந்து இருந்து நேரலையில் பேசினேன். கல்லடி என்பது ஆறாம் வேற்றுமைத் தொகையா, மூன்றாம் வேற்றுமைத் தொகையா என்று தொடங்கி, எங்கோ போய், ‘ப்’ மிகும் இடம் பற்றி நீண்ட நேரம் விளக்கியதாக ஞாபகம். தாதிப் பிள்ளை வாசலில் நின்று கேட்டார். பக்கத்துக் கட்டில் மாமி “நல்லா வெளங்குது மகள்” என்றார். ஆனால் கீழே ஓடிய கருத்துகள் வேறு விதம். யார் இது? உண்மையை மறைக்க யாரையோ கூட்டி வந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். கல்லடிப் பெண் எங்கே? அவள் உடலை எங்கே ஒளித்தீர்கள்?

உயிரோடு இருந்து, முகத்தைக் காட்டி, இலக்கணமும் சொல்லி, அப்படியும் நான் செத்துத்தான் போயிருந்தேன்.

“இஞ்சேருங்க,” என்றேன் கணவரிடம். “என்னக் கொண்டு போங்க. காரைதீவுச் சந்திக்கு.”

டொக்டர் விடமாட்டார் என்றார் தாதிப் பிள்ளை. கணவர் என்னையும் கட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். “லொறி வெளிய நிக்கி” என்றார்.

ஐஸ் லொறியின் முன் ஆசனத்தில் நான் நடுவில், தம்பி ஓரத்தில். பின்னால் உருகிக்கொண்டிருந்த ஐஸ் தண்ணீர் வழியெல்லாம் ஒழுகியது. எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு மேலே ஊசியின் மிதப்பும் இருந்தது. கடற்காற்று முகத்தில் அடிக்க, ஏதோ கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு குதூகலம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முன்கண்ணாடியில் என் கட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்தேன்.

சந்தியில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். நடு வீதியில் டயர்கள். ஒருவன் கையில் போத்தல் ஒன்று இருந்தது, மண்ணெண்ணெய் மணம் லொறிக்குள் வரை வந்தது. எல்லோருக்கும் முன்னால், குடையை விரித்துப் பிடித்தபடி, காரைதீவு டீச்சர் நின்றார். அவர் கையில் குடை இருந்தால் எங்கள் பாடசாலையில் அதிபரே ஒதுங்கிப் போவார்.

நான் இறங்கினேன். தரை கொஞ்சம் அசைந்தது. டீச்சர் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தா நிக்கிறா நீங்க தேடின கல்லடிப் பொம்பிளை,” என்றார். “என்னோட படிப்பிக்கிற டீச்சர். வடிவாப் பாருங்க.”

யாரும் நம்பவில்லை என்பது அவர்கள் நின்ற விதத்தில் தெரிந்தது. முன்னால் நின்ற ஒருவன், தாடி வைத்த பொடியன், சந்தேகத்தோடு ஓர் அடி வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

“கல்லடியில எவ்விடம்?”

“நெத்தியில,” என்றேன்.

இது நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கல்லடி எங்கே பட்டது என்று கேட்கிறான் என்றே விளங்கிக்கொண்டேன். கட்டையும் தொட்டுக் காட்டினேன். பிறகு காரைதீவு டீச்சரின் குடை ஆடத் தொடங்கியது. அடுத்து அவருடைய தோள் ஆடியது. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் ஒரு சத்தம் விட்டார். தாடிப் பொடியனுக்கு அப்போதுதான் விளங்கியது. “கல்லடி… நெத்தியில…” என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான். அவன் முகம் கோணி, உடைந்து, அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினான். பின்னால் நின்றவர்கள் என்னடா, என்னடா என்று கேட்க, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்ல, சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. பின்வரிசைக்குப் போனது திரும்பி முன்னால் வந்தது. நானும் சிரித்தேன். தையல் இழுத்தது, கண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. என் கணவர் கூடச் சிரித்தார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் கண்டது சொற்பம்.

சிரித்து முடிந்ததும் என் கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்தன. யாரோ ஓடிப் போய் ஒரு டயரை இழுத்து வந்து போட்டார்கள். எரிக்கக் கொண்டுவந்த டயரில் நான் உட்கார்ந்தேன். சந்திக் கடையிலிருந்து சோடா வந்தது. போத்தல் வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “மன்னிச்சிக்கங்க டீச்சர், படத்தப் பாத்த உடன…” என்று தொடங்கி முடிக்காமல் நின்றான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

திரும்பி வந்தால், எல்லையில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் கம்புகளோடு நின்றார்கள். காரைதீவில் ஆள் கூடியிருக்கிறது என்ற செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. கணவர் லொறியை நிறுத்தி, நான் தெரியும்படி தள்ளி இருந்தார்.

“டீச்சர், உங்களுக்கு அங்க அடிச்சாங்களா?” என்று கேட்டான் ஒருவன்.

“சோடா குடுத்தாங்க,” என்று பாதிப் போத்தலை உயர்த்திக் காட்டினேன். “கம்ப வீட்ட வெச்சிட்டுப் போய்ச் சோறு தின்னுங்க.”

நான் டயரில் இருந்து சோடா குடிக்கும் படத்தைத் தம்பி எடுத்திருந்தான். சுற்றிவர அத்தனை முகங்களும் சிரிக்கின்றன, காரைதீவு டீச்சர் என் தலைக்கு மேல் குடை பிடித்திருக்கிறார். அவன் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது என்பேன். எல்லாத் தளங்களுக்கும் அனுப்பினான். ஒருவரும் போடவில்லை. “சம்பவம் ஒண்டும் நடக்கல்லயே தம்பி” என்று ஒருவர் எழுதினார். அந்த இனிய குரலுக்குரிய தளம் மட்டும் பின்னேரம் தலைப்பை மாற்றியது. “கல்லடிப் பெண் உயிருடன் உள்ளார்.” தம்பி அவர்களுக்கு எழுதுவதை அன்றோடு விட்டான். மற்றத் தளங்களுக்கு இன்னும் எழுதுகிறான். எனக்கு அனுப்பிக் காட்டுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் கல்வீச்சு என்றுதான் எழுதுகிறான்.

கொஞ்ச நாள் கழித்து உண்மையான கல்லடியிலிருந்தே ஒரு பெண் அழைத்தார். முன்பின் தெரியாதவர். “எங்கட ஊரால உங்களுக்கு எவ்வளவு கரச்சல்,” என்றார், தன்னுடைய பிழை மாதிரி. விடுமுறையில் நானும் காரைதீவு டீச்சரும் பஸ்ஸில் போனோம். பாலம் வருவதற்கு முன்பே நடத்துனர் “கல்லடி! கல்லடி!” என்று கத்த, நான் என்னையறியாமல் நெற்றியைப் பொத்தினேன். டீச்சர் சிரித்த சிரிப்பில் நாங்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்தோம். அந்தப் பெண் நண்டுக் கறியும் புட்டும் செய்து வைத்திருந்தார். பின்னேரம் வரை பேசினோம். அரசியல் பேசவில்லை.

யார் எறிந்தது என்பதும் தெரியவந்தது. மருந்துக்கடை கமராவில் இருந்தது. இரண்டு அலுவலகங்களில் இருந்தும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கல் பறந்திருக்கிறது. எது என் நெற்றியில் பட்டது என்று படத்தில் பிரித்தறிய முடியாது. இந்தப் படம் வெளியானதும் இரண்டு வேட்பாளர்களும் என்னை மறந்துவிட்டார்கள். பொலிஸார் இரண்டு பேரைப் பிடித்தார்கள்.

பிணையில் வந்த இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவனுடைய உம்மாவும் மற்றவனுடைய உம்மாவும் சகோதரிகளாம். ஸலாம் சொல்லி, தலையைக் குனிந்தபடி கதிரை விளிம்பில் இருந்தார்கள்.

“என்ட கல்லுத்தான் டீச்சர் பட்ட,” என்றான் ஒருவன்.

“இல்ல டீச்சர், இவன் எறிஞ்சா அவ்வளவு தூரம் போகா. என்டதான்,” என்றான் மற்றவன்.

“உனக்கென்னடா தெரியும், நான் கிரிக்கெட்டுக்கு எறிஞ்ச கை!”

என் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்துவிடும் போலிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். நான் உங்களை மன்னிச்சிட்டன், ஆனா வழக்க வாபஸ் வாங்க மாட்டன் என்றேன். நீதவானிடம் சொல்ல வேண்டியதை அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. தவணைக்குத் தவணை அவர்கள் அந்த ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறார்கள்.